தொலேடோவில் அண்ணையோடு நடந்தது

1

போன கிழமை எங்கள் சாப்பாட்டு மேசையில் குடியுரிமை விண்ணப்பப் படிவம் ஒன்று மூன்று நாட்கள் கிடந்தது. இந்த நாட்டுக்கு வந்து பதினான்கு வருடமாயிற்று, இனியாவது ஒரு பாஸ்போட் எடுப்போம் என்று மனைவி ராஜி ஒற்றைக்காலில் நின்றாள். நான் வேலையால் வந்து அதைப் பார்ப்பேன். பிறகு தள்ளி வைத்துவிட்டு அந்த இடத்தில் சோற்றுக் கோப்பையை வைப்பேன்.

கடைசியில் மகள் அபி பேனையோடு வந்து இருந்தாள். அவளுக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் வீட்டில் கவுன்சிலுக்கும் டொக்டருக்கும் காஸ் கொம்பனிக்கும் கடிதம் எழுதுகிறவள் அவள்தான். என்னோடு ஆங்கிலத்தில் பேசுவாள், நான் தமிழில் பதில் சொல்லுவேன். அவள் சொன்னவற்றை இங்கே தமிழில் எழுதுகிறேன்.

"இந்த நாட்டைவிட்டு வெளியில் போன நாட்களைக் கேட்டிருக்கிறார்கள், அப்பா. எங்கே போனீர்கள்?"

"ஒருக்காத்தான். ஸ்பெயினுக்கு. நீயும்தானே வந்தனி. ஆறு நாள்."

"காரணம்?"

"அண்ணையைப் பாக்க."

அவள் பேனையைக் கன்னத்தில் வைத்து யோசித்தாள். "பெரியப்பா இருப்பது ஜேர்மனியில். அவரைப் பார்க்க ஏன் ஸ்பெயினுக்குப் போனீர்கள் என்று கேட்பார்கள். ஹொலிடே என்று போட்டால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்."

அவள் சொன்னது சரி. சின்னப் பெட்டி அது, ஒரு சொல்லுக்குத்தான் இடம் இருந்தது. அவள் எழுதினாள், நான் கையெழுத்து வைத்தேன். படிவம் போய்விட்டது. ஆனால் அந்தச் சொல் நாலு நாளாக என்னைத் தொந்தரவு செய்துகொண்டிருக்கிறது. ஊரில் இருந்து கடிதம் போடுகிற நீங்களும் அப்படித்தான் எழுதுகிறீர்கள்: 'ஸ்பெயின் எல்லாம் சுற்றிப் பார்த்தீர்களாமே, கேள்விப்பட்டோம்.' சுற்றிப் பார்த்தது உண்மை. காலையில் இரண்டரை மணித்தியாலம், காசில்லாமல், ஒரு வழிகாட்டிப் பெண்ணுக்குப் பின்னால். அந்த இரண்டரை மணித்தியாலத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் இருக்கிறேன்.

2

அதற்கு முதல் எண்பத்தைந்தாம் ஆண்டைச் சொல்லவேண்டும்.

அண்ணை என்னைவிட ஏழு வயது மூத்தவர். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கில வாத்தியார். அவரிடம் படித்தவர்கள் கடிதம் எழுதும்போது காற்புள்ளி எங்கே வைப்பது என்று இன்றைக்கும் பயப்படுவார்கள். நான் அவரிடம் படிக்கவில்லை. அவர் பாடத்தைத் தொடங்கினால் வேலியால் பாய்ந்துவிடுவேன். என் ஆங்கிலம் அந்தத் தரத்தில் இருந்தது.

இருவரும் ஒன்றாகத்தான் வெளிக்கிட்டோம். அண்ணைக்கு அப்போது கல்யாணமாகி, மகள் துளசி ஒரு வயதுக் குழந்தை. எனக்கு இருபத்து நாலு வயது, ஒருவரும் இல்லை. வீட்டில் இருந்தே எல்லாம் பேசித்தான் வைத்திருந்தது. அண்ணை முதலில் லண்டனுக்குப் போவது, ஆங்கிலம் தெரிந்த ஆள் என்றபடியால் அங்கே ஒரு வழி பார்ப்பது, பிறகு என்னையும் அண்ணியையும் பிள்ளையையும் எடுப்பது. கிழக்கு பேர்லினில் இறங்கி ரெயில் ஏறி மேற்கு பேர்லினுக்கு வந்து, ஒரு ஏஜென்ற் பிடித்துக் கொடுத்த அறையில் பதினொரு பேர் பாயில் கிடந்தோம்.

ஏழாம் நாள் விடிய அண்ணை எல்லோருக்கும் பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தார். அந்த நேரம் ஏஜென்ற் வந்தான். கையில் ஒரே ஒரு மலேசியப் பாஸ்போட். "அண்ணன் தம்பி ரண்டு பேரிலை ஆர் முதல் போறது? இந்தப் படம் ரண்டு பேருக்கும் பொருந்தும். பின்னேரம் பிளைட்" என்றான்.

நான் "நான்தான்" என்றேன்.

அவ்வளவுதான். நான் நீண்ட நேரம் யோசித்ததாகவோ மனதுக்குள் போராடியதாகவோ சொன்னால் அது பொய். அந்த அறையின் மணம், குளிர், பொலிஸ் வரும் என்ற பயம். என் வாய் சொல்லிவிட்டது. அண்ணை பாணோடு திரும்பி வந்தபோது, "ஏஜென்ற் என்னைத்தான் எடுத்திட்டான், அண்ணை" என்றேன். அவர் பாணைக் கீழே வைத்தார். பிறகு, "சரி, நீ போ. நான் அடுத்த கிழமை வாறன்" என்று சொல்லித் தன்னுடைய நல்ல சேர்ட்டைக் கழற்றி எனக்குத் தந்தார்.

அடுத்த கிழமை அந்த அறையில் இருந்து போன வேறொருவன் விமான நிலையத்தில் பிடிபட்டான். ஏஜென்ற் மறைந்துவிட்டான். அண்ணை ஜேர்மனியில் அகதியாகப் பதிந்தார். இரண்டு வருடத்துக்குப் பிறகு அண்ணியும் துளசியும் அங்கேயே போய்ச் சேர்ந்தார்கள். ஆங்கில வாத்தியார் டோர்ட்முண்ட் நகரத்தில் ஒரு ரெஸ்ரோரண்டின் குசினியில் கோப்பை கழுவினார். பிறகு அதே குசினியில் மரக்கறி வெட்டினார். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறார்.

3

என்னுடைய லண்டனையும் சொல்லிவிடுகிறேன். வந்த புதிதில் ஸ்ட்ரெதத்தில் ஒரு பெற்றோல் ஸ்ரேஷனில் வேலை. முதல் நாளே ஒரு வெள்ளைக்காரர் ஓடி வந்து 'லூ' எங்கே என்று கேட்டார். அப்படிப் பெயருள்ள ஒருவரும் இங்கே வேலை செய்யவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் ஞாபகம். கக்கூசுக்கு அப்படியும் ஒரு பெயர் இருக்கிறது என்பதை மறுநாள்தான் அறிந்தேன். அண்ணை இந்த இடத்தில் நின்றிருந்தால் என்று அன்றைக்கு நினைத்தேன். அதற்குப் பிறகு, வருடத்துக்கு நூறு தரமாவது அப்படி நினைத்திருப்பேன்.

இப்போது குட்மேய்ஸில் வீடு, பக்கத்தில் பார்க்கிங் என்ற ஊரில் வேலை. அதே பெற்றோல், வேறு கூண்டு. காலை ஷிப்ட், பின்னேர ஷிப்ட், ஞாயிற்றுக்கிழமை மேலதிகம். வீட்டுக்கு வந்தால் பிள்ளை ரிவியைப் பார்த்துச் சிரிக்கும். எதற்குச் சிரிக்கிறாள் என்று எனக்கு விளங்காது. கேட்டால், "ஒன்றுமில்லை அப்பா, சொன்னாலும் பகிடியாக இராது" என்பாள்.

பதினொரு வருடம் அண்ணையும் நானும் ஒருவரை ஒருவர் காணவில்லை. அவர் இங்கே வர இரண்டு தரம் விசா கேட்டார், சரிவரவில்லை. நான் ஜேர்மனிக்குப் போகத் துணியவில்லை. வேறொருவன் பெயரில் வெளிக்கிட்ட நாட்டுக்குள் திரும்பக் கால் வைக்கவேண்டாம் என்று தெரிந்தவர்கள் எல்லோரும் பயமுறுத்தியிருந்தார்கள். தொலைபேசியில் மட்டும் மாதம் ஒரு முறை பேசுவோம். குளிர் எப்படி, பிள்ளைகள் எப்படி. அதற்கு மேல் பேச்சு ஓடாது.

தொண்ணூற்றாறாம் ஆண்டு அண்ணையோடு குசினியில் நிற்கிற ஒரு ஸ்பெயின்காரர், தன் தமக்கையின் வீடு தொலேடோ என்ற பழைய ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சும்மா பூட்டிக் கிடக்கிறது, ஒரு கிழமை போய் இருங்கள் என்று சாவியைக் கொடுத்திருக்கிறார். அண்ணை எனக்குப் போன் எடுத்தார்.

"தம்பி, ரண்டு பேருக்கும் பொதுவா ஒரு நாடு கிடைச்சிருக்கு. வாறியோ?"

எங்களிடம் இருந்தது பாஸ்போட் இல்லாதவர்களுக்குக் கொடுக்கிற மண்ணிறப் பயணப் பத்திரம். அதற்கு விசா வேண்டும். விசாவுக்கு வேலையிடத்துக் கடிதம் வேண்டும், வங்கிக் கடிதம் வேண்டும், தங்கும் வீட்டுக்காரரின் கடிதம் வேண்டும். நாலு முறை விடிய எழும்பிப் போய் வரிசையில் நின்றேன். ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு கடதாசி குறைந்தது. நாலாம் முறை எல்லாம் சரியாக இருந்தபோது சந்தோஷப்படவும் உடம்பில் தெம்பு இல்லை. பஸ்ஸில் நித்திரையாகி, இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

4

அண்ணைக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது. கைகளில் வெட்டுக் காயங்களின் தழும்பு. கட்டிப்பிடித்தோம். பிறகு என்ன செய்வது என்று இருவருக்கும் தெரியவில்லை. ராஜியும் அண்ணியும் அன்றுதான் ஒருவரை ஒருவர் முதன்முதல் கண்டவர்கள், அரை மணித்தியாலத்தில் கூடப் பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். நாங்கள் கூடப் பிறந்தவர்கள், வெளியில் கதிரை போட்டு இருந்து ஒலிவ மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அபிக்கு அப்போது ஒன்பது வயது, துளசிக்குப் பன்னிரண்டு. ஒருத்தி ஆங்கிலம், மற்றவள் ஜேர்மன். இருவருக்கும் பொதுவாக இருந்தது ஐம்பது அறுபது தமிழ்ச் சொற்கள். அதில் பாதி சாப்பாட்டுச் சாமான்கள்.

இரண்டு நாள் இப்படிப் போனது. ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறித் தொலேடோவுக்குப் போனோம். பஸ் நிற்கிற இடத்துக்குக் கிட்டே ஒரு சுவரில் கையால் எழுதி ஒட்டியிருந்தது: நகரத்தைச் சுற்றி நடை, ஆங்கிலத்தில், இலவசம், பத்து மணி, சதுக்கத்தில்.

"இலவசம் என்றால் அப்பா விடமாட்டார்" என்றாள் அபி.

உண்மையில் நான் விரும்பியது அதற்காக அல்ல. வேறு யாராவது ஒருவர் பேசிக்கொண்டு முன்னால் போனால் நானும் அண்ணையும் பேசவேண்டியதில்லை. அவரும் அப்படித்தான் நினைத்திருப்பார், உடனே சரி என்றார்.

வழிகாட்டியின் பெயர் பிலார். பல்கலைக்கழக மாணவி, மெலிந்த பெண், கையில் ஒரு கொப்பி. எங்கள் குடும்பத்தோடு ஒரு வயதான அவுஸ்திரேலியத் தம்பதியும் நின்றார்கள். அவ்வளவுதான் கூட்டம். பிலார் முதலே சொல்லிவிட்டாள்: "எனக்கு அடுத்த மாதம் ஆங்கிலச் சோதனை. அதற்குப் பழகத்தான் இந்த நடை. நீங்கள் எனக்குக் காசு தரவேண்டாம். பிழையாகப் பேசினால் தயவுசெய்து திருத்துங்கள்."

நடந்தோம். அந்த ஊர் முழுவதும் ஏற்றமும் இறக்கமும். ஆறு மூன்று பக்கமும் வளைத்து ஓட, நடுவில் ஒரு குன்றின் மேல் வீடுகளை நெருக்கி அடுக்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்கவேண்டிய ஒழுங்கைகள். கால் தட்டுப்படுகிற உருண்டைக் கற்கள். ஷிப்டில் நின்று நின்று வீங்கிய என் கால்கள் முதல் ஏற்றத்திலேயே முறையிடத் தொடங்கிவிட்டன.

பிலார் சொல்லுவதை நான் தமிழில் சொல்ல, அதை அண்ணை ஜேர்மனில் துளசிக்குச் சொன்னார். லண்டன்காரன் என்றபடியால் மொழிபெயர்ப்பது என் வேலை என்று யாரும் சொல்லாமலே முடிவாகிவிட்டது. அண்ணை ஆங்கிலத்தில் ஒரு சொல்லும் பேசவில்லை. பதினொரு வருடம் ஜேர்மன் பேசி எல்லாம் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது ஒரு வகையில் ஆறுதலாகவும் இருந்தது. அதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

உயர்ந்த மதில் ஒன்றின் முன்னால் நின்று பிலார் 'கொன்வென்ற்' என்றாள். நான் திரும்பி, "இது பொம்பிளைப் பிள்ளையளின்ரை பள்ளிக்கூடம். அந்தக் காலத்திலை உள்ளுக்குப் போனால் சாகுமட்டும் வெளியிலை வர ஏலாதாம்" என்றேன்.

அண்ணி திடுக்கிட்டுவிட்டார். "ஐயோ, என்ன பள்ளிக்கூடமப்பா அது?"

அண்ணை என்னைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "பள்ளிக்கூடமில்லை. கன்னியாஸ்திரி மடம்."

ராஜி சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்போதுதான் எனக்கு விளங்கியது, அண்ணை எல்லாவற்றையும் கேட்டு விளங்கிக்கொண்டுதான் வருகிறார். என் மொழிபெயர்ப்பு அவருக்குத் தேவையில்லை. நான் வெட்கப்படக்கூடாது என்று பேசாமல் வந்திருக்கிறார்.

அடுத்த ஒழுங்கையில் ஒரு பழைய கட்டிடம். முதலில் யூதர்களின் ஆலயம், பிறகு தேவாலயம். உள்ளே வெள்ளைத் தூண்கள் வரிசையாக நின்றன. இந்த ஊரில் இருந்து யூதர்கள் போய் ஐந்நூறு வருடமாகிறது என்று சொல்ல வந்த பிலார் 'சின்ஸ்' என்று போட்டுவிட்டாள். சொல்லிவிட்டுத் தானே சந்தேகப்பட்டு அவுஸ்திரேலியக் கிழவரைப் பார்த்தாள். அவர் பரவாயில்லை என்று தலையாட்டினார்.

"ஃபார்," என்றார் அண்ணை.

எல்லோரும் திரும்பினோம். அண்ணை தொண்டையைச் செருமிக்கொண்டு ஆங்கிலத்தில் பேசினார். எவ்வளவு காலம் என்று நீளத்தைச் சொல்லும்போது 'ஃபார்' வரும், எந்த நாளில் இருந்து என்று தொடக்கத்தைச் சொல்லும்போதுதான் 'சின்ஸ்' வரும் என்று இரண்டு உதாரணங்களோடு சொன்னார். ஒவ்வொரு சொல்லும் இஸ்திரி போட்டு மடித்து வைத்த உடுப்பு மாதிரி வந்தது. பெற்றோல் ஸ்ரேஷனில் பதினொரு வருடம் நின்றும் என் வாயில் ஒரு நாளும் வராத ஆங்கிலம்.

பிலார் அந்த இடத்திலேயே நின்று கொப்பியில் எழுதினாள். "நீங்கள் ஆசிரியரா?"

அண்ணை அவளுடைய கொப்பியை எட்டிப் பார்த்தார். பிறகு, "நான் ஆசிரியராக இருந்தேன்" என்றார்.

துளசி தகப்பனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பிறந்து பன்னிரண்டு வருடத்தில் அந்த மனிதர் ஆங்கிலம் பேசிக் கேட்டதேயில்லை. ஜேர்மனில் ஏதோ கேட்டாள். அண்ணை சுருக்கமாகப் பதில் சொன்னார். அண்ணி எனக்குச் சொன்னார்: "இவ்வளவு நாளும் ஏன் எனக்குச் சொல்லேல்லை எண்டு கேக்கிறாள். ஒருத்தரும் கேக்கேல்லை எண்டு சொல்லுறார்."

அதன் பிறகு நடை அவர்கள் இருவருக்கும் உரியதாகிவிட்டது. பிலாரும் அண்ணையும் முன்னால். அவள் பேசுவாள், அவர் திருத்துவார், அவள் திரும்பச் சொல்லுவாள். அவர் முதுகு நிமிர்ந்திருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். பள்ளிக்கூட விறாந்தையில் அவர் நடக்கிற நடை அது. துளசி ஓடிப்போய் அவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள். நான் கடைசி ஆளாக, காலை இழுத்துக்கொண்டு போனேன்.

கடைசியாக ஒரு சின்னச் சந்தியில் பிலார் நின்றாள். பல நூறு வருடத்துக்கு முன் இந்த ஊரில் அரபுப் புத்தகங்களை லத்தீனுக்கு மாற்றினார்களாம். ஒருவர் அரபில் வாசித்து ஊர்ப் பேச்சில் சொல்லுவார், மற்றவர் அதைக் கேட்டு லத்தீனில் எழுதுவாராம்.

அண்ணை கேட்டார்: "புத்தகத்தில் யாருடைய பெயர் போட்டார்கள்?"

"அநேகமாக எழுதியவருடைய பெயர்தான்," என்றாள் பிலார். "வாசித்தவர்களின் பெயர் ஒன்றிரண்டுதான் தெரியும்."

"அப்படித்தான் இருக்கும்," என்று அண்ணை சாதாரணமாகச் சொன்னார். அவர் என்னை நினைத்துச் சொல்லவில்லை. அவருக்கு ஒன்றுமே தெரியாது. எனக்குத்தான் அந்த இடத்தில் நிற்க ஏலாமல் போய்விட்டது.

5

நடை ஒரு தாழ்ந்த மதிலடியில் முடிந்தது. கீழே ஆறு. பிலார் அண்ணையின் கையைப் பிடித்துக் குலுக்கி, சோதனை பாஸ் பண்ணினால் அது உங்களால்தான் என்றாள். பெண்களும் பிள்ளைகளும் கடையில் பாதாம் இனிப்பு வாங்கப் போனார்கள். நாங்கள் இருவரும் மதிலில் இருந்தோம். நல்ல வெயில்.

அண்ணையின் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. "நல்ல பிள்ளை. கெட்டிக்காரி," என்றார். "ஒரு வருசம் என்னட்டைப் படிச்சால் எங்கையோ போயிடும்."

அந்த நேரத்தில் சொல்லியிருக்கக்கூடாது. இவ்வளவு காலம் கழித்து அவர் முகத்தில் கண்ட முதல் சந்தோஷத்தை ஒரு பத்து நிமிடமாவது விட்டு வைத்திருக்கலாம். ஆனால் அதைப் பார்க்கப் பார்க்கத்தான் எனக்கு முடியவில்லை.

"அண்ணை, பேர்லினிலை ஏஜென்ற் என்னைத் தெரிவு செய்யேல்லை."

"என்ன?"

"ஆர் முதல் போறது எண்டு கேட்டவன். நான்தான் எண்டு சொன்னனான். உங்களுக்குப் பொய் சொன்னனான்."

அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப நான் எங்கை நிண்டனான்?"

"நீங்கள் பாண் வாங்கப் போயிட்டியள்."

"ஓம்," என்றார். "பாண் வாங்கப் போனனான். வரிசை நீளமா இருந்தது. அதாலைதான் பிந்தினதெண்டு இவ்வளவு நாளும் நினைச்சுக்கொண்டிருந்தனான். வேளைக்குப் போயிருந்தால் ஏஜென்ற் வரேக்கை நிண்டிருப்பன் எண்டு. என்னைத்தான் பிழை சொன்னனான்."

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ, அண்ணை."

"ஏன் இப்ப சொல்லுறாய்?"

"உங்களுக்குத் தெரியவேணும் எண்டு" என்றேன்.

"இல்லை," என்றார். "உனக்கு இறக்கி வைக்கவேணும். அதுக்குத்தான் சொல்லுறாய். இறக்கிப்போட்டாய். இனி நான் தூக்கிறன்."

அவர் எழும்பினார். காற்சட்டையில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டினார். கடைப் பக்கம் பார்த்துத் துளசியைக் கூப்பிட்டு ஜேர்மனில் ஏதோ சொன்னார். மூவரும் பஸ் நிலையத்தை நோக்கி நடந்தார்கள். அண்ணி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனார். ராஜி இனிப்புப் பெட்டியோடு வந்து, "என்னப்பா, அத்தான் போறார்?" என்றாள். நான் மதிலிலேயே இருந்தேன்.

மிச்ச மூன்று நாளும் ஒரே வீட்டில் இருந்தோம். அண்ணை கோபிக்கவில்லை, சத்தம் போடவில்லை. "உப்பைத் தா." "கதவைப் பூட்டு." "மழை வரும் போல." அவ்வளவுதான். இடைக்கிடை துளசியை மேசையில் இருத்திப் பழைய கடதாசிகளின் பின்பக்கத்தில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தார். நான் அறைக்குள் போனால் நிறுத்திவிடுவார். புறப்படும் நாள் அபியின் தலையைத் தடவினார். எனக்குக் கை தந்தார். கட்டிப்பிடிக்கவில்லை.

6

லண்டனுக்கு வந்து மாதம் ஒரு முறை போன் எடுத்தேன். அண்ணி எடுத்து, "அவர் குளிக்கிறார்" என்பார். அடுத்த மாதம், "வேலைக்குப் போயிட்டார்." ஆறேழு மாதத்துக்குப் பிறகு அண்ணி பாவம் என்று நானே நிறுத்திவிட்டேன். ராஜிக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவள், "நீங்கள் அப்ப போகாட்டில் நான் உங்களைக் கண்டிருக்கமாட்டன்" என்றாள். அது ஆறுதலா, குற்றச்சாட்டா என்று நான் கேட்கவில்லை.

நாட்கள் எப்போதும் போலப் போயின. கூண்டுக்குள் இருந்து பெற்றோலுக்குக் காசு வாங்கினேன். சில நாட்களில் வாடிக்கையாளர் யாராவது 'சின்ஸ்' என்று சொல்லும்போது, அவர் சரியாகத்தான் சொல்லுகிறாரா என்று என் காது தானாகப் பார்க்கும்.

தொண்ணூற்றெட்டு ஆடி மாதத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது போன் அடித்தது. நான்தான் எடுத்தேன்.

"நான்," என்றார் அண்ணை.

நான் ரிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.

"துளசிக்கு ஜேர்மன் பாஸ்போட் கிடைச்சிட்டுது. பள்ளிக்கூடம் ஆறு கிழமை லீவு. இங்கிலிஷ் பழக லண்டன் போகவேணும் எண்டு நிக்கிறாள். வேறை ஆரும் எங்களுக்கு அங்கை இல்லை."

"விடுங்கோ அண்ணை. வரட்டும்."

"எயர்போட்டுக்கு நீயே போகவேணும். ஷிப்ட் எண்டு சொல்லி ஆரையும் அனுப்பாதை."

"நான்தான் போவன்."

"சரி." வைத்துவிட்டார்.

அன்று மனேஜரிடம் லீவு கேட்டேன். ஸ்பெயினுக்குப் பிறகு முதல் முறை என்றபடியால் அவர் எனக்கு ஏதும் வருத்தமோ என்று கேட்டார். துளசி வரும் நாள் பிளைட் வர இரண்டு மணித்தியாலத்துக்கு முன்னமே போய்க் கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கதவு திறக்கத் திறக்க ஆட்கள் வந்தார்கள். துளசி வளர்ந்துவிட்டாள். உயரம் அண்ணியைப் போல, நெற்றி அண்ணையுடையது. தோளில் பை, கழுத்தில் ஒரு அட்டை தொங்கியது. கூட வந்த விமானப் பெண் என்னிடம் கையெழுத்து வாங்கினாள். பிள்ளையைப் பெற்றுக்கொண்டதாக என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.

"சித்தப்பா," என்றாள் துளசி தமிழில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து. "அப்பா சொன்னவர், வந்தவுடனே போன்."

அங்கேயே ஒரு போன் பெட்டியில் சில்லறை போட்டு எடுத்தேன். முதல் மணியிலேயே தூக்கினார். போனுக்குப் பக்கத்திலேயே இருந்திருக்கவேண்டும்.

"வந்திட்டாளோ?"

"வந்திட்டாள், அண்ணை. எனக்குப் பக்கத்திலை நிக்கிறாள்."

"சரி." மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. "ஒண்டு சொல்லுறன் கேள். உன்ரை பிள்ளையோடை அவளைக் கதைக்க விடு. உன்ரை இங்கிலிஷை மட்டும் அவளுக்குப் பழக்கிப்போடாதை."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. சனங்கள் நடமாடுகிற இடத்தில் போன் பெட்டிக்குள் நின்று கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். துளசி என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள்.

அண்ணை சிரிக்கவில்லை. ஆனால் போனை வைக்கவுமில்லை.